ஒட்டகத்தைக் கட்டுதலும் கூடுதல் உத்தரவாதமும்

மதீனத்துக் கடைவீதியில் ஒருநாள் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு இதனை அறிவிக்கிறது.

விற்கும்போதே இருந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு. அது பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனை ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்று கூறும். புதுக் காரின் விலையோடு சேர்த்தே நிறுவனம் தரும் உத்தரவாதம் இப்பொறுப்பின் விரிவேயாகும். அதை ஏற்பதில் தடையில்லை.

ஆனால், கார் வாங்கும் வேளையில் மேலும் சில ஆயிரம் ரூபாய் கேட்டு, ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ எனப்படும் கூடுதல் உத்தரவாதத்திற்கும் ஒரு தாளை நீட்டுகிறார்களே, அதில் கையொப்பமிடலாமா?

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். பழுதே நேராவிடில் கொடுத்த பணம் போயிற்று. பெரும்பழுது நேர்ந்தாலோ கொடுத்ததைப்போல் பன்மடங்கு பயன் கிட்டும். எது நிகழும் என்பதை இரு தரப்பாரும் அறியார். இத்தகைய நிச்சயமின்மையே ‘கரர்’. கரர் கலந்த வணிகத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை இக்காரணம் காட்டியே விலக்கியது. தனிவிலைக்கு விற்கப்படும் கூடுதல் உத்தரவாதமும் அதன் சாயலே என்பது அறிஞர் பலரின் கருத்து. எண்ணெய் மாற்றுதல் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு முன்கூட்டியே கூலி தருவது வேறு, அது ஆகும்.

பிறருக்கு நேரும் தீங்கிற்கான காப்பீட்டை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அங்கே நிர்ப்பந்தம் உண்டு; இங்கே இல்லை. மேலும், கிளட்ச், பிரேக், டயர் ஆகியவற்றின் தேய்மானம் பெரும்பாலும் இந்த உத்தரவாதத்தில் அடங்குவதில்லை என்பதையும் அத்தாளின் சிறிய எழுத்துகளில் காண்பீர்கள்.

அவ்வாறாயின் இறைவனை நம்பி வாளாவிருப்பதா? அன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். காலந்தவறாப் பராமரிப்பு ஒரு கயிறு. உத்தரவாதத்திற்குக் கேட்ட அதே தொகையைப் பழுதுச் செலவுக்கென்று தனியே எடுத்து வைப்பது மற்றொரு கயிறு. பழுது வராவிடில் அப்பணம் உங்களுடையதாகவே இருக்கும்.

இன்னொன்றும் மறவாதீர். நாளை அக்காரை நீங்களே விற்பீர்கள். அன்று ஈரத் தானியத்தை மேலே வையுங்கள். குறையைச் சொல்லி விற்றவரின் வணிகத்தில்தான் பரக்கத் உண்டு. அத்தகைய நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.