மரத்தடிக்கு ஒரு காசா

எங்கள் நாற்றங்காலுக்குக் கன்று வாங்க வருகிறவர்கள் புங்கன், வேம்பு, மகிழம் என்று மரங்களாகவே கேட்பார்கள். "மரத்துக்குக் கீழே என்ன வைக்கப்போறீங்க?" என்று கேட்டால் பதில் வராது. காட்டில் மரத்தடி வெறுந்தரையாகக் கிடப்பதில்லை. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே போகப் போகத் தோளை உரசி நிற்பது பெரும்பாலும் காசாதான். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளச் செடி இல்லை என்பேன்.

காசான், அஞ்சனி என்றும் இதைச் சொல்வார்கள். திருமாலின் நிறத்துக்குச் சொல்லும் காயாம்பூவும் இதுதான். தடித்துப் பளபளக்கும் இலை. கோடையில் பழைய கிளைகளின் கணுக்களில் நீலப்பூ கொத்துக்கொத்தாக வெடிக்கும். சில நாள்தான் நிற்கும். அப்போது செடிக்குப் பக்கத்தில் போனால் தேனீக்களின் இரைச்சல் காதை அடைக்கும். இலையில் அலுமினியம் சேர்வதால், சாயவேரின் சிவப்பு துணியில் பிடிக்க அந்நாளில் சாயக்காரர்கள் இதைச் சேர்த்தார்கள்.

பெருக்குவதற்கு நம்பகமான வழி விதை. பழம் கருநீலமாகக் கனிந்து, நசுக்கினால் விரலில் ஊதாக் கறை படிய வேண்டும். அதுதான் பதம். சின்னான்கள் முந்திக்கொள்ளும், ஆகவே கண் வைத்திருங்கள். எங்கள் ஊர்க் கோயில் பூசாரித் தாத்தா எப்போதும் சொல்வது, "கீழ விழுந்த பழத்தைப் பொறுக்கிக்கம்மா, கன்னைப் புடுங்காத." அவர் சொல்வது சரி. பிடுங்கினால் ஆணிவேர் அறுந்துவிடும், காட்டுக்கும் ஒரு கன்று குறையும்.

பழத்துக்குள் ஒரே விதை. சதையைக் கழுவி அன்றைக்கே ஊன்றுங்கள். டப்பாவில் போட்டு அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கும் விதை இதுவல்ல; காய்ந்தால் உயிர் போய்விடும். செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் கலந்து மேலாக ஊன்றி, நிழல்வலைக்கடியில் ஈரம் காயாமல் வைத்தால் போதும். முளைக்கும்போது குனிந்து பாருங்கள்: விதைக்குள் சுருண்டு மடிந்திருந்த தடித்த வித்திலை, கசக்கிய துணியைப் பிரிப்பதுபோல மெல்ல விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அதற்குப் பிறகு பொறுமைதான். காசா ஆமை வேகத்தில்தான் வளரும். வேர் ஆழமாகப் போக நீளமான பை கொடுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் ஐப்பசி மழையோடு நடுங்கள். ஏற்கெனவே நிழல் தரும் மரத்தின் ஓரமே இடம். சருகைக் கூட்டி எரிக்காமல் அடியில் மூடாக்காகப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும், ஆட்டுக்கு வேலி வேண்டும். வேரூன்றிவிட்டால் மழைநீரே போதும்.

கோயில் நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருப்பணி வரும்போது "புதரைச் சுத்தம் பண்றோம்" என்று ஜேசிபியைக் காட்டுக்குள் விடாதீர்கள். நீங்கள் புதர் என்பதில் நம் வயதைவிட மூத்த காசாச் செடிகள் இருக்கலாம். வழி வேண்டுமென்றால் அரிவாளால் ஒற்றையடிப் பாதை மட்டும் எடுங்கள்.