எந்தோரில் வந்தது சாமுவேலா?

சிரம்பான், ரஹாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குறி கேட்பது புதிதல்ல. இறந்த தாயோ கணவரோ ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்ற ஏக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. அவர்களைக் குழப்புவது 1 சாமுவேல் 28-ஆம் அதிகாரம்.

குறிகாரர்களைத் துரத்திய சவுல் அரசனே, பெலிஸ்தருக்குப் பயந்து, மாறுவேடத்தில் எந்தோர் ஊர்ப் பெண்ணிடம் போகிறான். இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசி எழும்பி வந்து, நாளை உனக்குச் சாவு என்கிறார். அப்படியே நடக்கிறது.

வந்தது யார்? சாமுவேலேதான் என்றார் 3-ஆம் நூற்றாண்டின் ஒரிஜன். பேய் போட்ட வேடம் என்றார் நீசா நகர் கிரகோரி; பின்னாளில் கால்வினும் அந்தப் பக்கமே. கத்தோலிக்க வேதாகமத்தின் சீராக் நூல் (46:20), சாமுவேல் இறந்த பின்னும் இறைவாக்கு உரைத்தார் என்கிறது. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் அந்த நூலே இல்லை. ஒரே லயத்துக் கத்தோலிக்கரும் மெதடிஸ்ட்டும் வேறு வேறு பதில் சொன்னால் ஆச்சரியமில்லை.

அதிகாரத்தை அப்படியே வாசித்தால் ஒரிஜன் சொன்னதே பொருந்துகிறது. கதை அவரைச் சாமுவேல் என்றே அழைக்கிறது. அழைத்த பெண்ணே அவரைக் கண்டு அலறுகிறாள். அவளுடைய வித்தைக்கு வரவில்லை, கடவுள் அனுப்பியே வந்தார் என்பதற்கு அந்த அலறலைத்தான் காட்டுகிறார்கள்.

இதனால் குறி கேட்க அனுமதி என்று ஆகிவிடாது. உபாகமம் 18 அதைத் தடுக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் ஜெபிப்பதும் இறந்தவருக்காகக் கடவுளிடம்தான். இறந்தவரிடம் சேதி கேட்க அல்ல.

சவுலுக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. பட்டினியோடு தரையில் விழுந்து கிடந்தவனுக்குக் கன்று அடித்து, அப்பம் சுட்டுக் கொடுத்தவள் அந்தப் பெண்தான்.