இரண்டு வயதின் தர்க்கம்

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை வளரும் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அப்பாவின் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவது, தொலைபேசியில் தாத்தா கேட்கும் கேள்விக்கு வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிப் பதில் சொல்வது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டார் யாருக்கும் தான் தெரியவில்லை என்று நம்புவது ஆகியவற்றையெல்லாம் பெரியவர்கள் குறும்பு என்று சொல்லி ரசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். குழந்தை வளர்ச்சியை ஆராய்வோர் அவற்றை அப்படிக் கடந்துபோவதில்லை. பெரியவர்களைச் சிரிக்க வைக்கும் இச்செயல்களில் பெரும்பாலானவை, கையில் உள்ள சிறிதளவு அறிவைக் கொண்டு குழந்தை முறையாக யோசித்து எட்டிய முடிவுகள் என்பதே ஏறக்குறைய நூறாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டும் செய்தி.

இந்தப் பார்வைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980). தம் மூன்று குழந்தைகளையும் தொட்டில் பருவம் முதலே கவனித்துக் குறிப்பெடுத்த அவர், குழந்தைக்கு உலகைப் புரிந்துகொள்ளத் தனக்கென ஒரு முறை உண்டு என்ற முடிவுக்கு வந்தார். தான் காண்பதையே மற்றவரும் காண்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொள்வதைத் ‘தன்மையப் பார்வை’ எனலாம். தன்னலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பிறருக்கு வேறொரு கோணம் உண்டு என்பது இன்னும் பிடிபடாத நிலையையே இது குறிக்கிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தாத்தாவுக்குத் தலையாட்டல் தெரியாது என்பது குழந்தைக்குத் தோன்றாததும் இதனால்தான். எனினும் பியாஜே கருதியதைவிடக் குழந்தைகள் நுட்பமானவர்கள் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. முகத்தை மூடி ஒளிந்துகொள்ளும் வழக்கத்தைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணை மறைத்துக்கொண்ட 3, 4 வயதுப் பிள்ளைகள், தங்கள் உடம்பு பிறருக்குத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும் தாங்கள் மட்டும் தெரியவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். இருவர் கண்களும் சந்தித்தால்தான் ஒருவரை ஒருவர் பார்த்ததாகும் என்பது அவர்கள் கணக்கு, அது எளிதில் தள்ளிவிடக் கூடிய கணக்கும் அன்று.

நடை பழகும் பருவத்தில் குழந்தை செய்யும் உழைப்பைப் பெற்றோர்கூட முழுதாக உணர்வதில்லை. துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8 மாதம் முதல் 17 மாதம் கடந்தும் வேறுபடலாம் என்று, இந்தியக் குழந்தைகளையும் உட்படுத்தி உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு தெரிவிக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணிப் பார்த்தபோது, ஒரு குழந்தை மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து 17 முறை விழுந்து எழுந்தது தெரியவந்தது. இவ்வளவு விழுந்தும் சலிக்காத பிள்ளைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் காலங்காலமாகக் கிடைத்துவந்த மூன்று சக்கர மர நடைவண்டி நல்ல துணை, ஏனென்றால் அதைப் பிடித்து நிமிர்ந்து நின்று தன் எடையைத் தானே தாங்கித் தள்ளிக்கொண்டு போகிற வேலை குழந்தையுடையது. உள்ளே உட்காரவைத்துக் கால்விரலால் உந்தி ஓடவிடும் வட்டவடிவ வாக்கர் அப்படிப்பட்டதன்று. மாடிப்படியில் உருண்டு விழும் விபத்துகள் காரணமாகக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

இப்பருவத்தின் வேடிக்கைகளில் வியப்பு மிகுந்தது, சின்னஞ்சிறு பொம்மைப் பொருளுக்குள் குழந்தை தன் முழு உடம்பையும் நுழைக்கப் பார்ப்பது. விரல் நீளமே உள்ள மர நாற்காலியைத் தரையில் ஒழுங்காக வைத்து, பின்பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கி அதன் மேல் உட்காரும் குழந்தையையும், பொம்மையின் காலணிக்குள் தன் கட்டைவிரலைத் திணித்துவிட்டு அது ஏன் ஏறவில்லை என்று அழும் குழந்தையையும் பார்க்காத குடும்பம் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதி, இதற்கு ‘அளவுப் பிழை’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். 18 முதல் 30 மாதம் வரையுள்ள 54 குழந்தைகளை முதலில் பெரிய சறுக்குமரம், நாற்காலி, ஏறி ஓட்டும் கார் ஆகியவற்றோடு விளையாடவிட்டு, பிறகு வெளியே அழைத்துச் சென்ற நேரத்தில் அவற்றுக்குப் பதிலாக அச்சு அசலான குட்டிப் பொம்மைகளை வைத்தபோது, குழந்தைகளில் பலர் அந்தக் குட்டிச் சறுக்குமரத்தில் சறுக்கவும் குட்டிக் காரில் காலை நுழைக்கவும் முழு மனத்தோடு முயன்றனர். இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு: காரின் குட்டிக் கதவைத் திறக்கும்போது குழந்தையின் விரல்கள் அந்தக் கதவின் அளவுக்குச் சரியாகக் குவிகின்றன, ஆனால் உள்ளே ஏறவேண்டும் என்ற திட்டம் மட்டும் பெரிய காருக்கு உரியதாகவே இருக்கிறது. ஒரு பொருள் இன்னது என்று அறிந்து அதைக் கொண்டு என்ன செய்வது என்று திட்டமிடும் மூளை வழியும், அதன் அளவைக் கண்ணால் அளந்து கையை இயக்கும் மூளை வழியும் வேறுவேறு என்றும், அவ்விரண்டும் இணைந்து செயல்படுவது இவ்வயதில் முழுமை பெறவில்லை என்றும் ஆய்வாளர்கள் விளக்கம் தந்தனர். பொம்மைக் கட்டிலில் படுக்கப் போகும் பிள்ளை, மனித மூளையின் உள்ளமைப்பை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

சாப்பாட்டு வேளையின் அமளி தமிழ் இலக்கியத்துக்கு மிகப் பழைய பொருள். சோற்றில் கைவிட்டுத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாத வாழ்வு வெறுமையானது என்னும் கருத்தில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது புறநானூற்றின் 188ஆம் பாடலாக இருக்கிறது. அந்தப் பாண்டியன் போற்றிய அதே பிள்ளைதான் இன்று சாப்பிடுவதே இல்லை என்று வீட்டாரைக் கலங்க வைக்கிறது. பிறந்த எடையைப் போல மூன்று மடங்காக முதல் ஆண்டில் வளர்ந்துவிடும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ அளவுக்கே கூடுகிறது என்பதால், அதன் பசியும் அதற்கேற்பக் குறைவது இயல்பு. புதிய உணவைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வதும் இரண்டு வயதையொட்டி வலுப்பெறும் பொதுப் பண்பு. வற்புறுத்தாமல் எட்டு, பத்து முறைக்கு மேல் அதே காயைத் தட்டில் வைத்தபின் பிள்ளை தானே எடுத்துத் தின்னத் தொடங்குவது உண்டு.

தன் வாயில் ஊறிய முறுக்கை எடுத்துப் பாட்டியின் வாயில் திணிக்கும் குழந்தையிடம் இன்னொரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. பெட்டி ரெப்பசோலி, ஆலிசன் காப்னிக் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வாளர் ஒருவர் குழந்தையின் முன் அமர்ந்து, குழந்தைகள் விரும்பும் உப்பு பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்தும், அவர்கள் விரும்பாத பிராக்கோலிக் கீரைப்பூவைத் தின்று மகிழ்ந்தும் காட்டிவிட்டு, தனக்குக் கொஞ்சம் தரும்படி கைநீட்டினார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தனர், 18 மாதக் குழந்தைகளோ தங்களுக்குத் துளியும் பிடிக்காத பிராக்கோலியை எடுத்துக் கொடுத்தனர். பிறர் விருப்பம் தன் விருப்பத்திலிருந்து வேறுபடலாம் என்ற அறிவு அந்த நான்கு மாத இடைவெளியில் முளைக்கிறது. பாட்டிக்குத் திணிக்கப்படும் எச்சில் முறுக்கு, ஒரு வயதுப் பிள்ளையிடமிருந்து வரும்போது, தன்னிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்ததைத் தருகிற செயலாகும்.

பேச்சிலும் இதே தர்க்கம் நடக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் வளரும் பிள்ளை பெற்ற தாயை ‘அண்ணி’ என்றும் ‘அக்கா’ என்றும் கூப்பிடுவதைக் கேட்டு வீடே சிரிக்கும். சித்தப்பாவும் அத்தையும் அந்தப் பெண்ணை அண்ணி என்றே அழைக்கிறபோது, அதுதான் அவள் பெயர் என்று பிள்ளை முடிவுகட்டியதில் குறையொன்றும் இல்லை. உறவுச் சொல் அழைப்பவருக்கு ஏற்ப மாறும் என்பது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கே மெல்லத்தான் விளங்குகிறது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘பாப்பாவுக்கு மம்மு’ என்று பெயரிட்டுச் சொல்வதும் இவ்வகைத்தே, ஏனெனில் ‘நான்’ என்னும் சொல் பேசுகிறவர் மாறும்தோறும் ஆள் மாறுகிறது. தெருவில் போகும் ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றையும் ‘பௌபௌ’ என்று குழந்தை காட்டுவதை மொழியியலார் பொருள் விரிவு என்பர். ஆனால் படங்களை வரிசையாக வைத்து ‘நாய் எது?’ என்று கேட்டால் அதே குழந்தை பெரும்பாலும் நாயையே சரியாகத் தொடுகிறது. வேற்றுமை தெரியாமல் அது அப்படிச் சொல்லவில்லை, மாட்டுக்குரிய சொல் வாய்க்கு வராத நிலையில் அருகில் உள்ள சொல்லால் சமாளிக்கிறது.

விருந்தினர் வந்ததும் குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி, நேற்றுச் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்வதும், செல்பேசியில் படம் பிடித்து ஊருக்கே அனுப்புவதும் இப்போது பரவியுள்ள வழக்கங்கள். இவற்றைச் சற்றே யோசித்துச் செய்வது நல்லது. பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கில் தெரியாமல் சிவப்பு மை பூசிக் கண்ணாடி முன் விட்டபோது, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் குழந்தைகள் பலர் கண்ணாடியைத் தொடுவதை விட்டுத் தம் மூக்கையே தொடத் தொடங்கினர். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிந்த அந்தக் காலத்தை ஒட்டியே கூச்சமும் தோன்றுகிறது, கூட்டமாகச் சிரிப்பவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும் புரியத் தொடங்குகிறது. அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைக்கும் பிள்ளையை வெளியே இழுத்துப் பாடச் சொல்வது அன்பான செயலாகாது.

தரையில் புரண்டு அழும் பிடிவாதத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆசையை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு என்பதையும், இரண்டு வயதில் அந்த அடக்கத்தை எதிர்பார்க்க முடியாது என்பதையும் நினைவில் கொண்டால் பெரியவர்களுக்குப் பொறுமை வரும்.

மூன்று வயதை நெருங்கும்போது முதல் பொய் வருகிறது. மைக்கேல் லூயிஸ் முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியே விடப்பட்ட மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தனர், அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். உதட்டில் வெல்லம் ஒட்டியிருக்க ‘காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு’ என்று சொல்லும் பிள்ளை, தன் மனத்தில் இருப்பது அம்மாவின் மனத்தில் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்ட நாளில் அதனிடம் இல்லாத அறிவு அது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்லவேண்டும் என்பது மட்டும் அதற்கு இன்னும் தோன்றவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குப் பொருந்தும்படி மற்றவற்றையும் மறைக்கும் திறன் கைகூட ஆறு, ஏழு வயது ஆகவேண்டும்.