உப்பும் உடல்நலமும்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பர் தமிழர். உண்மையே. உப்பிலுள்ள சோடியம் இன்றி நரம்பும் தசையும் தொழிற்படா. ஆயினும், வேண்டிய அளவு மிகச் சிறிது. வளர்ந்தவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பே தகும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவில் 2017-2018இல் நடந்த ஆய்விலோ சராசரி 7.9 கிராம் எனத் தெரிந்தது. மிகை ஏறத்தாழ 3 கிராமே. ஆனால் ஓராண்டில் அது ஒரு கிலோகிராமைத் தாண்டும்.

மிகை உப்பு உடலில் நீரைத் தேக்குகிறது. அதனால் குருதியின் அளவு பெருகிக் குழாய்ச் சுவர்கள்மீது அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக் கணக்கில் இது நீடிப்பின் இதயம், சிறுநீரகம், மூளை மூன்றும் கேடுறும். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வளர்ந்தவருள் பத்தில் மூவர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவருள் பாதிப்பேர் அதனை அறியாதிருந்தனர்.

பினாங்குத் துறைமுகத்து உணவை நோக்குவோம். முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் காவடித்தண்டில் சோறும் கறியும் சுமந்துவந்து தொழிலாளர்க்கு விற்றனர். அதுவே நாசி கண்டார். மூட்டை சுமந்தோர் உண்ட உப்பில் ஒரு பகுதி வியர்வையோடு வெளியேறிற்று. இன்றோ, நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோரும் ‘பாஞ்சிர்’ எனக் கேட்டு, பல குழம்புகளை வெள்ளமாக ஊற்றி உண்கின்றனர். ஒவ்வொரு குழம்பிலும் உப்பு உண்டு. உடன் உப்பு முட்டையும் ஊறுகாயும் சேரும். வீட்டிலோ கருவாடு, பிளாச்சான் சம்பல், கிச்சாப். உப்புச் சாடியைத் தொடாதவரும் மிகையாக உண்பது இவ்வாறே.

இதற்கு வழி யாது? உப்பைத் திடீரென நிறுத்தினால் உணவு சப்பென்றிருக்கும். நாக்கு முரண்டு பிடிக்கும். வாரந்தோறும் ஒரு சிட்டிகையாகக் குறைத்துவரின், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி ஆகியவை சுவைக் குறையை நிரப்பும். சோறு வடிக்கையில் உப்பிட வேண்டா. கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவுதல் நன்று. உடனடி மீயின் தூளில் பாதி போதும். கடையில் ஒரு குழம்பு மட்டும் கேட்கலாம்.

பொட்டாசியம் கலந்த உப்பும் இப்போது கிடைக்கிறது. சீனாவில் 600 சிற்றூர்களில், பக்கவாதம் கண்டவரும் இரத்த அழுத்தமுள்ள முதியோருமாக ஏறத்தாழ 21,000 பேர் ஆராயப்பட்டனர். அவ்வுப்பைக் கொண்டோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்ததென 2021இல் வெளியான முடிவு காட்டிற்று. ஆனால் சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேளாமல் அதனைக் கொள்ளலாகாது.

பிள்ளைகளின் நாக்கு வீட்டுச் சமையலிலேயே பழகுகிறது. ஆதலின் குறைக்கும் முதற் சிட்டிகை வீட்டு அடுப்பங்கரையில் தொடங்குக.