சுசீந்திரம்: சுத்தத்தின் வரலாறு

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் வழியில் சுசீந்திரத்தில் இறங்கிப் பார்ப்பவை பெரும்பாலும் ஒன்றேதான்: ஏழு நிலைக் கோபுரம், தட்டினால் ஸ்வரம் வருகிற கல்தூண்கள், 18 அடி அனுமார், தெப்பக்குளம். கேட்கிற கதையும் ஒன்றுதான். தாணு, மால், அயன் மூவரும் சேர்ந்து தாணுமாலயன். அகலிகை விஷயத்தில் கௌதமரிடம் சாபம் வாங்கிய இந்திரன் இங்கே வந்து 'சுசி' ஆனான்; எனவே சுசீந்திரம். ஊர்ப்பெயரே ஒரு பிரதி. அதை வாசிக்காமல் ஊரைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்று எனக்குப் படுகிறது.

இந்தப் பிரதியில் தப்பு செய்தவன் இந்திரன், சுத்தமாகிறவனும் அவனே. அகலிகைக்கு ஊர்ப்பெயரில் இடமில்லை. இது வெறும் கதையாகவும் நின்றுவிடவில்லை. பெண் தொடர்பு குறித்துக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் இங்கே கொதிக்கிற நெய்யில் கையை முக்கித் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. 'கைமுக்கு' என்று பெயர். கை வேகாவிட்டால் ஆள் சுத்தம். 19ஆம் நூற்றாண்டில்தான் இது நின்றது. புராணம் முந்தியா சடங்கு முந்தியா என்ற விவாதம் கிடக்கட்டும். ஒன்றுக்கு மற்றது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது என்பதே முக்கியம்.

சுத்தம் என்று ஒன்றை ஓரிடத்தில் நிறுவினால் அசுத்தம் என்று ஒன்றை வெளியே நிறுத்தியாக வேண்டும். கோயிலுக்குள் போவது இருக்கட்டும், அதைச் சுற்றியிருக்கிற தெருக்களில் நடக்கவே 'அவர்ணர்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. வைக்கத்தைத் தொடர்ந்து 1926இல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது, டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1930இல் மறுபடியும் நடந்தது. அவர்கள் முதலில் கேட்டது சாமியை அல்ல, தெருவை. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல்.

தெருவை விட்டு ஊருக்கு வெளியே வந்தால் குளம். தெப்பக்குளத்தைச் சொல்லவில்லை, வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய குளங்களைச் சொல்கிறேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், சுமார் 94 ஹெக்டேர், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் நாரையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இங்கேயும் ஒரு 'சுத்தம்' உருவாகிறது: மனிதக் கை படாத இயற்கை என்கிற கற்பிதம். குளம் தானாக உண்டாகவில்லை. கரை போட்டு, மடை வைத்து, வருஷா வருஷம் தூர் வாரி, கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைய வைத்தவர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. ஏலாக்களில் சேறு மிதித்தவர்களில் அந்த அடிமைச் சாதியினரே அதிகம். அவர்கள் விளைவித்த நெல் கோயிலுக்குள் நைவேத்தியமாகப் போனது. அவர்கள் கால் பட்டால் மட்டும் தெரு தீட்டு.

தலபுராணம் ஊரைத் தெய்வத்துக்குக் கொடுக்கிறது, ஈரநிலம் என்ற சொல்லாடல் இயற்கைக்குக் கொடுக்கிறது. இரண்டிலும் உழைத்தவன் இல்லை. ஆகவே சுசீந்திரம் போகிறவர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம்: முதலில் குளத்தங்கரை, பிறகு ரதவீதிகளை ஒரு சுற்று நடை, கடைசியில் கோபுரம். அப்போதும் தூணின் ஸ்வரம் இனிமையாகவே கேட்கும். சிற்பியின் திறமையை இந்த வாசிப்பு குறைத்துவிடாது.

சாமி கும்பிட வந்த இடத்தில் இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்கிறவர்களில் பலருடைய தாத்தாவுக்கும் பாட்டிக்கும் 1936க்கு முன்னால் அந்த வாசல் கிடையாது.