எரிக்க எரிக்கக் காசு: ஒரு ஆட்சியைக் கவிழ்த்த மானியம்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க கேஸுக்கு 100 ரூபாய் செலவு பண்ணா, கவர்மென்ட் உங்களுக்கு 134 ரூபாய் தரும்னு வெச்சுக்கோங்க. அடுப்பை எப்போ அணைப்பீங்க?

அணைக்கவே மாட்டோம், இல்லையா? வடக்கு அயர்லாந்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

முதல்ல பின்னணி. அங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடேற்ற எண்ணெய்தான் எரிக்கிறாங்க. அதைக் குறைக்க 2012 நவம்பரில் 'ரினியூவபிள் ஹீட் இன்சென்டிவ்', சுருக்கமா ஆர்ஹெச்ஐ, என்ற திட்டம் தொழில் நிறுவனங்களுக்காக வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டில் ஓடும் பாய்லர், ஹீட் பம்ப், சோலார் வாட்டர் ஹீட்டர், இப்படி எதைப் போட்டாலும், அதில் வரும் வெப்பத்துக்கு யூனிட் கணக்கில் 20 வருஷம் பணம். ஐடியா நல்ல ஐடியாதான்.

இதே திட்டம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஒரு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. ஆனா அங்கே ஒரு தடுப்பு இருந்தது. சின்ன பாய்லர்களுக்கு வருஷத்தில் முதல் 1,314 மணி நேரத்துக்கு ஈடான வெப்பத்துக்குத்தான் முழு ரேட். அதுக்கு மேல ஓடினா ரேட் ரொம்பவே இறங்கிடும். வடக்கு அயர்லாந்து அந்தத் திட்டத்தை எடுத்துக்கிட்டது, தடுப்பை மட்டும் விட்டுடுச்சு.

ஏன்? ஆலோசகர்கள் கொடுத்த ரிப்போர்ட், எரிபொருள் செலவைவிட மானியம் குறைவு, அதனால தடுப்பு தேவையில்லைன்னு சொன்னது. ஆனா அதே ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் என்ன தெரியுமா? ஒரு யூனிட்டுக்கு மானியம் 5.9 பென்ஸ். எரிபொருள் செலவு 4.39 பென்ஸ். ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். யாரும் பார்க்கல.

கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். வெளியே வர கண்டிஷனே இல்லாத லூப் இது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒன்றரை பென்ஸ் லாபம். 100 கிலோவாட்டுக்குக் கீழே இந்த ரேட் கிடைச்சதால, ஒரு பெரிய பாய்லருக்குப் பதிலா 99 கிலோவாட் பாய்லரா வரிசையா வாங்கி வெச்சாங்க.

பக் ரிப்போர்ட் வரலையான்னு கேட்பீங்க. வந்தது! 2013லேயே ஒரு பெண் தொழில்முனைவோர், ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டே ஹீட்டரை ஓட்டுறாங்கன்னு அதிகாரிகளிடம் நேரில் சொன்னார். நம்பல. 2015 நவம்பரில்தான் தடுப்பு வந்தது. அது வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் கடைசி மூணு மாசத்துல 900க்கும் மேல விண்ணப்பங்கள் குவிஞ்சது. 2016 பிப்ரவரியில் திட்டத்தையே மூடினாங்க. 20 வருஷத்தில் 49 கோடி பவுண்ட் அதிகமாகப் போகும்னு அப்போ கணிச்சாங்க.

திட்டம் வந்தப்போ துறை அமைச்சரா இருந்தவர் ஆர்லீன் ஃபாஸ்டர். 2016ல அவர் முதல் அமைச்சர். விசாரணை முடியும்வரை ஒதுங்கி நிற்கச் சொன்னாங்க, மறுத்தார். 2017 ஜனவரி 9 அன்று துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா செய்தார். அங்கே ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆட்சி, ஒருத்தர் போனா இன்னொருத்தரும் இல்ல. மூணு வருஷம் ஆட்சியே இல்லாமப் போச்சு. 2020 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கை, இதுக்குக் காரணம் ஊழல் இல்ல, அடுக்கடுக்கான தவறுகள்னு சொன்னது.

இதே மானியம் சோலாருக்கு ஏன் இப்படி ஆகல? சூரியனைக் கூடுதலா எரிக்க முடியாது! பிரிட்டனில் வீடுகளுக்கான திட்டத்தில் சோலார் ஹீட்டருக்கு மீட்டர் பார்த்துப் பணம் தரல. அந்த சிஸ்டம் வருஷத்துக்கு எவ்வளவு வெப்பம் தரும்னு முன்கூட்டியே மதிப்பிட்டு, அதுக்குத்தான் தந்தாங்க. ஹீட்டரை வீணா ஓட்டினா ஒரு பென்ஸ்கூட ஏறாது.

அரசுக்கு வேண்டியது எண்ணெய் குறையணும். மீட்டர் அளந்தது வெப்பம். ரெண்டும் ஒண்ணு இல்ல. எதுக்குக் காசு கொடுக்கிறோமோ, அதுதான் பெருகும்.

பாடத்துக்கு விலை கொடுத்தவங்க யாருன்னு பாருங்க. 2017லயும் 2019லயும் பழைய பாய்லர்களுக்கும் ரேட்டை வெட்டினாங்க. 20 வருஷ வாக்குறுதியை நம்பிக் கடன் வாங்கி, தேவைக்கு மட்டும் ஓட்டினவங்களுக்கும் அதே வெட்டுதான். அடுத்த தடவை அரசு பசுமைத் திட்டம்னு வந்து நின்னா, அவங்க நம்புவாங்களா?

யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.