மேசைப் பாத்திர ஆட்டங்களில் முதன்மை வில்லன்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திர ஆட்டங்களில், பல வாரங்கள் அல்லது மாதங்கள் தொடரும் கதையின் இறுதி எதிரியாக விளங்குபவரே முதன்மை வில்லன் ஆவார். திரைப்படத்திலும் புதினத்திலும் வில்லன் எப்போது தோன்றுவான், எப்படி வீழ்வான் என்பதைக் கதாசிரியர் ஒருவரே முடிவு செய்துவிடுகிறார். இந்த ஆட்டங்களில் அப்படி இல்லை. பாதிக் கதை ஆடுபவர்களின் கையிலும், மீதி பகடையின் கையிலும் இருக்கிறது. ஆகவே இங்கே வில்லனைப் படைப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வகை ஆட்டங்களுள் முதலில் வணிக முறையில் வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இது 1974இல் வெளியானது. நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் ஆட்ட நடத்துநர். ஊர், காடு, கோட்டை, அங்கே வாழும் மனிதர்கள், மிருகங்கள், வில்லன் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஆடுபவர் சொன்னால், கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நடத்துநர் சொல்வார். முடிவு உறுதியில்லாத செயல் என்றால் 20 முகங்கள் கொண்ட பகடை உருட்டப்படும்.

தொடக்க காலச் சாகசக் கையேடுகளில் வில்லன் பெரும்பாலும் ஓரிடத்தில் காத்திருப்பவனாகவே இருந்தான். 1978இல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கையேட்டில் வரும் அசெரெராக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொறிகள் நிறைந்த கல்லறையின் கடைசி அறையில் அவன் இருக்கிறான். அங்கே போய்ச் சேர்பவர்களுக்கு மட்டுமே அவன் ஆபத்து. அதே ஆண்டில் வந்த அரக்கர் தொடரில் வேறொரு உத்தி பயன்பட்டது. ஊர்களைத் தாக்கும் அரக்கர்களுக்குப் பின்னால் பாதாளத்தில் வாழும் டிரோ என்னும் இனத்தார் இருப்பது பின்னரே தெரிய வருகிறது. அந்தச் சரடு நீண்டு, 1980இல் வந்த கையேட்டில் லோல்த் என்னும் சிலந்தி அரசியிடம் சென்று முடிகிறது.

ஸ்ட்ராட் வான் சரோவிச்

முதன்மை வில்லன் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாத்திரத்தைப் படித்தால் போதும் என்றால், அது ஸ்ட்ராட் வான் சரோவிச் தான். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதி, டி.எஸ்.ஆர். நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'ரேவன்லாஃப்ட்' கையேட்டில் இவன் அறிமுகமானான். பரோவியா என்னும் மலைநாட்டின் பிரபு. இரத்தம் குடிக்கும் பேயாக மாறியவன்.

இவனுடைய பழைய கதை சுருக்கமானது. போர்களில் இளமையைத் தொலைத்த ஸ்ட்ராட், தன் தம்பி செர்கெய் மணக்கவிருந்த தட்யானா மீது ஆசை கொண்டான். சாவுடன் ஓர் உடன்படிக்கை செய்து, திருமண நாளன்றே தம்பியைக் கொன்றான். அவனிடமிருந்து தப்பியோடிய தட்யானா கோட்டை மதிலிலிருந்து குதித்துவிட்டாள். ஆட்டம் நடக்கும் காலத்தில் பக்கத்து ஊரில் ஐரீனா கோல்யானா என்னும் பெண் அதே முகத்துடன் வாழ்கிறாள். ஸ்ட்ராட் மீண்டும் புறப்படுகிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவன் அறைக்குள் காத்திருப்பதில்லை என்பதே. தன் கோட்டையிலும் நாட்டிலும் விரும்பிய இடத்தில் தோன்றுவான், தாக்கிவிட்டு மறைவான். ஓநாய்களும் வௌவால்களும் அவன் சொல் கேட்கும். பின்னாளில் வந்த பதிப்பில் அவன் வீரர்களை விருந்துக்கு அழைத்துக் கடிதம்கூட அனுப்புகிறான். ஆடுபவர்கள் பத்தாவது அமர்வில்தான் அவனோடு இறுதிப் போர் செய்வார்கள் என்றாலும், அதற்கு முன்பே நாலைந்து முறை அவனைப் பார்த்திருப்பார்கள், பேசியிருப்பார்கள், ஒருமுறையாவது அவனிடமிருந்து ஓடியிருப்பார்கள். பகை என்பது அறிமுகத்தால் வளர்வது. கடைசி நாளில் முதன்முறையாகத் தலைகாட்டும் வில்லன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், ஆடுபவர்களுக்கு அவன் இன்னொரு மிருகம்தான்.

இந்தக் கையேட்டின் மற்றொரு புதுமை சீட்டு ஜோசியம். மேடம் ஈவா என்னும் கிழவி சீட்டுகளை எடுத்து வைப்பாள். ஸ்ட்ராடை வெல்ல உதவும் சூரிய வாள் முதலிய பொருள்கள் எங்கே உள்ளன, அவனை எங்கே சந்திக்க நேரும் என்பவை அந்தச் சீட்டுகளைப் பொறுத்து மாறும். 1983ஆம் ஆண்டுப் பதிப்பில் வில்லனின் நோக்கமே சீட்டுக்கு ஏற்ப மாறியது. முன்பே ஆடியவர் மறுபடி வந்தாலும் அவருக்குப் பழைய விடை பயன்படாது. தேர்வுக்கு ஒரே வினாத்தாளைத் திரும்பக் கொடுக்காத ஆசிரியரின் தந்திரம் என்று இதைச் சொல்லலாம்.

ஒருவருக்கு எதிராக ஐவர்

வில்லன் தனியாள், வீரர்கள் நால்வர் அல்லது ஐவர். ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு செயல் செய்யும் ஆட்டத்தில், வில்லன் ஒருமுறை வாள் வீசுவதற்குள் ஐந்து அடி வாங்கிவிடுவான். மாதக்கணக்கில் வளர்த்த பகை ஐந்து நிமிடத்தில் முடிந்துபோவது நடத்துநர்களின் பழைய மனக்குறை.

2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இதற்கு விதிகளாலேயே வழி செய்தது. பெரும் வில்லன்கள் பிறருடைய முறை முடியும்போதும் இடையிடையே சிறு செயல்கள் செய்யலாம். நாளுக்குச் சில முறை, தம்மேல் ஏவிய மந்திரம் பலித்தும் அதைத் தள்ளிவிடலாம். 2016இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' நூலில் ஸ்ட்ராடுக்கு இவ்விரண்டு ஆற்றலும் உண்டு. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தாலும் அவன் சாவதில்லை; மூடுபனியாக மாறித் தன் சவப்பெட்டிக்குத் திரும்புகிறான். அதே சமயம் வெயில் அவனைச் சுடும். அழைக்காத வீட்டுக்குள் அவனால் நுழைய முடியாது. இந்தக் குறைகளும் முக்கியமானவை. குறையே இல்லாத வில்லனிடம் ஆடுபவர்கள் திட்டம் தீட்ட எதுவும் இராது.

நடத்துநர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

வில்லன் மேல் நடத்துநருக்கு வரும் பாசமே முதல் சிக்கல். மூன்றாம் அமர்விலேயே ஒருவர் பகடையில் 20 விழுந்து வில்லனைச் சாய்த்துவிட்டால் என்ன செய்வது? "இல்லை, அவன் தப்பிவிட்டான்" என்று விதியை மீறிச் சொல்லும் நடத்துநர் உண்டு. ஆடுபவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள். தாங்கள் என்ன செய்தாலும் கதை மாறாது என்று ஒருமுறை தோன்றிவிட்டால், பிறகு அந்த மேசையில் யாருக்கும் அக்கறை இருக்காது. வில்லன் செத்தால் சாகட்டும் என்று விட்டுவிட்டு, அவனுடைய இடத்தைப் பிடிக்கத் துடிக்கும் தளபதியை முன்னே கொண்டுவருவதே நேர்மையான வழி. எங்கே ஒளிந்து தப்புவான் என்பதை முன்பே எழுதி வைத்திருந்தால் அதுவும் நியாயமே.

இரண்டாவது, இரக்கம். ஸ்ட்ராடின் கதையைக் காதல் சோகமாகச் சொல்லும் மேசைகள் பல. ஆனால் ஐரீனாவின் பக்கமிருந்து பார்த்தால் அது காதலே இல்லை. வேண்டாம் என்பவளைத் துரத்தும் வன்முறை. 2016ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் டிரேசி ஹிக்மனும் இதே எச்சரிக்கையைத் தருகிறார். கொடியவனைப் போதுமான அளவு நேசித்தால் திருந்திவிடுவான் என்பதை அவர் பொய் என்கிறார். மேசையில் உள்ள யாருக்கேனும் இத்தகைய காட்சி வேதனை தருமா என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே கேட்டுக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவியுள்ளது.

மூன்றாவது, வில்லனைச் சூழ்ந்தவர்களைச் சித்திரிக்கும் விதம். ஸ்ட்ராடோடு தொடர்புடைய நாடோடிகளான விஸ்தானி மக்கள், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய இழிவான கற்பனைகளை ஒத்திருப்பதாகக் கண்டனம் எழுந்தது. பதிப்பகம் அதை ஏற்று, 2020இல் நூலைத் திருத்தி மறுபதிப்பு செய்தது.

கைதியான வில்லன்

1990இல் ரேவன்லாஃப்ட் ஒரு தனி உலகமாக விரிவாக்கப்பட்டபோது, பரோவியாவைச் சூழ்ந்த மூடுபனிக்குப் புதிய பொருள் கிடைத்தது. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொடிய அதிபதி. ஒவ்வொருவரும் தம் நாட்டிலேயே சிறைப்பட்டவர். ஸ்ட்ராடும் எல்லையைத் தாண்ட முடியாது. 2016ஆம் ஆண்டு நூலின்படி, வீரர்கள் அவனைக் கொன்றால் பனி விலகி, வெளியே செல்ல விரும்புபவர்களுக்கு வழி திறக்கும். சில மாதங்கள் கழித்து, அங்குள்ள இருண்ட சக்திகள் அவனை மறுபடி எழுப்பிவிடும், பனியும் திரும்பிவிடும்.